எஃகின் மேல் வைரம்: ஒரு வெல்டரின் திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில், கேஸ் வெல்டிங் சுடரைக் கொண்டு எஃகின் மேல் வைரம் பூசலாம் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல படம், நல்ல தலைப்பு. அதைப் படித்துவிட்டு என் மகள் வயிற்றுப் பேரன், பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து என் மனைவியின் அரிவாள்மணையைக் கெடுத்துவிட்டான். நாற்பது வருடம் எங்கள் வீட்டில் வாழைப்பூவும் பூசணியும் அரிந்த அரிவாள்மணை அது. ஆகவே இந்தக் கடிதம் கொஞ்சம் கோபத்தோடுதான் தொடங்குகிறது. எழுதி முடிப்பதற்குள் தணிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் தொழிற்பயிற்சி நிலையத்தில் கேஸ் வெல்டிங் சொல்லிக் கொடுத்தவன். அதைவிட முக்கியமாக, தாங்கள் எழுதிய அதே வேலையை 1992ல் என் கையாலேயே செய்து பார்த்தவன். எது நடக்கும், எது நடக்காது என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

கட்டுரையில் சரியாக இருந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். வெல்டிங் சுடரில் வைரம் விளையும் என்பது உண்மை. 1988ல் ஜப்பானில், நிப்பான் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் இருந்த யோயிச்சி ஹிரோசே என்பவரும் அவருடைய சகாக்களும் ஆக்சிஜன்–அசிட்டிலீன் சுடரைத் திறந்த வெளியில் ஒரு தட்டின் மேல் காட்டி வைரப் படிகங்களை எடுத்தார்கள். அதுவரைக்கும் வாயுவிலிருந்து வைரம் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள்தான் வளர்த்தார்கள். 1982ல் ட்சுகுபாவில் மத்சுமோட்டோ குழுவினர் சூடேற்றிய கம்பியை வைத்துச் செய்ததும் அப்படித்தான். அதற்கும் முன்னால், 1950களிலேயே, அமெரிக்காவில் எவர்சோலும் சோவியத் நாட்டில் தெர்யாகினும் வாயுவிலிருந்து வைரம் வளர்க்க முயன்றிருக்கிறார்கள். வெற்றிடப் பம்பு, கண்ணாடிக் குழாய், லட்சக்கணக்கில் செலவு. ஹிரோசே வந்து, தெருமுனைப் பட்டறையில் இருக்கும் டார்ச் போதும் என்று காட்டினார். அதே வருடம் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தாரும் செய்து பார்த்து, ஆமாம் என்றார்கள். எங்கள் தொழிலுக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

தவறு எங்கே என்றால், "எஃகின் மேல்" என்ற இரண்டு சொற்களில். அந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சுடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு முதல் வாரம் உலோகத்தைத் தொடவே விடமாட்டேன். டார்ச்சைப் பற்றவைத்து, சுடரை மட்டும் பார்க்கச் சொல்வேன். அசிட்டிலீனை மட்டும் திறந்தால் மஞ்சள் சுடரும் கூடவே பறக்கும் கரித்துகளும். மாஸ்டரின் வெள்ளைச் சட்டையில்தான் அது வந்து உட்காரும். மெல்ல ஆக்சிஜனைத் திறந்தால் மஞ்சள் சுருங்கி, நாசில் முனையில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கூம்பு நிற்கும். அந்தக் கூம்பைச் சுற்றி, மங்கலான வெண்பச்சையில் ஓரம் பிசிறிய இன்னொரு சுடர் நீண்டிருக்கும். அதற்கு இறகு என்று பெயர். ஆக்சிஜனை இன்னும் திறந்தால் இறகு குறுகிக்கொண்டே வந்து கூம்புக்குள் ஒடுங்கும். ஒடுங்கிய அந்தக் கணம்தான் நடுநிலைச் சுடர். இரும்பை இணைக்க அதுதான் வேண்டும். இறகு மிச்சம் இருந்தால் அது கரியேற்றும் சுடர், "இறகு தெரிகிறதே, கண் எங்கே?" என்று எத்தனை பையன்களைத் திட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கு இல்லை.

வைரம் விளைகிற இடம் அந்த இறகு. முப்பத்தொரு வருடம் பையன்களிடம் எதைத் தவிர்க்கச் சொன்னேனோ, அதற்குள்ளேதான் வைரம் இருந்தது.

காரணம் சிக்கலானதல்ல. ஒரு பங்கு அசிட்டிலீனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் என்று விட்டால், முதல் எரிதலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும்தான் வரும். மீதி எரிதல் வெளிக்காற்றைக் கொண்டு நடக்கும். ஆக்சிஜனை அதிலும் கொஞ்சம் குறைத்தால் இறகு தோன்றும். அதற்குள் எரியாத கார்பன் துண்டுகளும் ஒற்றை ஒற்றையாகப் பிரிந்த ஹைட்ரஜன் அணுக்களும் அலைந்துகொண்டிருக்கும். கூம்பின் முனை 3000 டிகிரிக்கும் மேல் காய்ந்திருப்பதால் ஹைட்ரஜன் மூலக்கூறு அப்படி உடைகிறது. தட்டின் மேல் வந்து உட்காரும் கார்பன், கரியாகவும் உட்காரும், வைரமாகவும் உட்காரும். ஒற்றை ஹைட்ரஜன் அணு கரியை வேகமாக அரித்துத் தின்றுவிடும். வைரத்தை அவ்வளவு எளிதாகத் தொடாது. களை பறிக்கப் பறிக்கப் பயிர் மட்டும் நிற்பதைப் போல, நிற்பது வைரம்.

இனி 1992. பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளராக இருந்த ஓர் இளைஞர் ஒரு ஜெராக்ஸ் கட்டுரையோடு என்னைத் தேடி வந்தார். "மாஸ்டர், இந்தப் படத்தில் இருக்கிற சுடரை உங்களால் இரண்டு மணி நேரம் அசையாமல் வைத்திருக்க முடியுமா?" என்று கேட்டார். கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் நகலின் நகல். ஆனாலும் கூம்பையும் இறகையும் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. "முடியும் சார், டார்ச்சைக் கையில் பிடிக்காமல் இருந்தால்" என்றேன். சிங்காநல்லூரில் என் மைத்துனனின் லேத் பட்டறை இருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் அதை எங்களுக்கு விட்டுக்கொடுத்தான். டார்ச்சை ட்ரில்லிங் மெஷினின் தூணில் கட்டினோம். கைப்பிடியைச் சுற்றினால் சுடர் மேலும் கீழும் நகரும். அரை மில்லிமீட்டர் கணக்கில் இறக்க முடிந்தது.

முதலில் எஃகில்தான் தொடங்கினோம். வேறு எதில் தொடங்குவோம்? கோயம்புத்தூரில் திரும்பிய பக்கமெல்லாம் அதுதான் கிடக்கிறது. நன்றாகத் தீட்டிய ஒரு தட்டு. சுடரைக் காட்டிப் பத்து நிமிடம் ஆவதற்குள் தட்டின் மேல் பூனைமுடி போல மெத்தென்று கரி. துடைத்தால் கையோடு வந்தது. அடியில் எஃகு சொரசொரத்து, அம்மை விழுந்த முகம் போல் இருந்தது. அச்சுக்கருவி தீட்டுகிறவர்களிடம் ஊசிக்குழாயில் அடைத்த டைமண்ட் பேஸ்ட் இருக்கும். அதை வாங்கி வந்து தட்டைத் தேய்த்துக் கீறினோம். கீறலில் சிக்கிய வைரத்தூள் விதைபோல் இருந்து முளைக்கும் என்று கட்டுரையில் இருந்தது. இரண்டாம் முறை ஒரு மணி நேரம் காட்டினோம். மேலே கரி, கரியின் மேல் அங்கங்கே ஏதோ மினுக்கம். விரிவுரையாளர் குதித்தார். இரவு பதினொரு மணிக்கு அதை ஒரு மருந்துச் சீட்டில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். காலையில் பிரித்துப் பார்த்தால் மினுக்கம் எல்லாம் சீட்டில் உதிர்ந்து கிடந்தது. தட்டில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சென்னிமலைப் பக்கம் கொல்லர். சிவக்கக் காய்ந்த இரும்பு கரியைக் குடிக்கும் என்பது அவருக்குப் படிக்காமலே தெரியும். ஏர்க்கொழுவைக் கரிக்குள் புதைத்து வைத்து ஊதிக்கொண்டே இருப்பார். "குடிக்கட்டும், குடிக்கட்டும்" என்பார். அவர் பட்டறையிலிருந்து அதிக தூரமில்லாத கொடுமணலில்தான், இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் இரும்பும் எஃகும் செய்த உலைகளைத் தொல்லியலார் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மூசைக்குள் இரும்பையும் மரத்துண்டையும் வைத்து மூடி, மண் பூசிச் சுட்டால் எஃகு கிடைக்கும் என்பது தென்னாட்டுக்காரர்களின் பழைய வித்தை. இரும்பின் இந்தத் தாகம் இல்லாவிட்டால் எஃகே கிடையாது. ஆனால் வைரம் வளர்க்க வருகிறவனுக்கு இதே தாகம்தான் எமன். 900 டிகிரியில் காய்ந்த இரும்பு நூறு கிராமுக்கு ஒரு கிராம் அளவுக்குக் கரியை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுடர் கொண்டுவந்து வைக்கிற கார்பனை, வைரமாக உட்காருவதற்கு முன்பே உறிஞ்சிவிடும். குடித்துக் குடித்து நிறைந்த பிறகு மேலே மிஞ்சுவதையாவது வைரமாக விடுமா என்றால், அதுவும் இல்லை. இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் கார்பனைக் கிராஃபைட்டாக்கத் தூண்டுகிற உலோகங்கள். ஆகையால் முதலில் கிராஃபைட் அடுக்கு, அதன் மேல் கடைசியாகக் கொஞ்சம் வைரம். பென்சில் கரியின் மேல் கட்டிய வீடு எவ்வளவு நாள் நிற்கும்? மருந்துச் சீட்டில் நாங்கள் பார்த்தது அதைத்தான்.

இதே காரணத்தால்தான் வைரக் கருவியை வைத்து யாரும் எஃகைக் கடைவதில்லை. பட்டறைக்காரர்களுக்கு இது தெரியும், வெளியில் பலருக்குத் தெரியாது. உலகிலேயே கடினமான பொருள், ஆனால் இரும்பைக் கடையும்போது வெட்டுமுனையின் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்புக்குள் கரைந்து, முனை மழுங்கிப் போகும். அலுமினியம், கிராஃபைட், கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக், கிரானைட் என்றால் வைரம். எஃகு என்றால் போரான் நைட்ரைடு. தாங்கள் எழுதியபடி எஃகில் வைரம் பூசிய கருவியைச் செய்து அதை வைத்து எஃகையே அறுப்பது இருமடங்கு வீண்.

சரி, கரியை எப்படியோ தடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது சுருக்கம். ஒரு மீட்டர் நீள எஃகுத் துண்டு 800 டிகிரியிலிருந்து ஆறும்போது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் குறுகும். அதே நீளத்தில் வைரம் இருந்தால் அதில் கால் பங்கு அளவுக்குத்தான் குறுகும். இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால்? கீழே இருப்பது உள்ளே இழுக்கிறது, மேலே இருப்பது வரமாட்டேன் என்கிறது. ஆறும்போது வைரப் படலம் நெருக்குண்டு, புடைத்து, உரிந்து எழும்பும். வெயிலில் சுவரிலிருந்து சுண்ணாம்புப் பூச்சு பொருக்குத் தட்டி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். வித்தியாசம், இது சத்தத்தோடு விழும். ஆறுகிற தட்டுக்குக் காதைக் கொடுத்தால் "டிக், டிக்" என்று கேட்கும். நான் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவதைக் கொல்லன் மகன்தான் சொல்ல முடியும். நல்ல அரிவாளோ உளியோ அதன் உயிர் துவைச்சலில் இருக்கிறது. பதமாகக் காய்ச்சி, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்து எடுத்த அந்தக் கடினம், மறுபடி 800 டிகிரிக்கு ஏற்றி மெதுவாக ஆறவிட்டால் போய்விடும். வைரம் பூசுவதற்குள் எஃகு மெழுகாகிவிடும். என் பேரனும் அவன் நண்பர்களும் செய்த காரியம் இதுதான். ஏசி மெக்கானிக் ஒருவரிடம் இரவல் வாங்கிய, சமையல் கேஸ் போடுகிற சின்ன டார்ச்சால் அரிவாள்மணையின் முனையைச் சிவக்கக் காய்ச்சி, காற்றில் ஆறவிட்டார்கள். வைரம் வரவில்லை. கூர் போய்விட்டது. மறுநாள் கருணைக்கிழங்கை வைத்து அழுத்தினால் அலகு வளைந்தது. என் மனைவி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். "அப்புச்சி, பேப்பரில் அப்படித்தானே போட்டிருக்கிறது" என்று அவன் கத்தரித்த தாளை நீட்டினான். அந்தத் தாள்தான் இப்போது என் மேசையில் இருக்கிறது.

அந்தத் தாளில் "வீட்டு எரிவாயுவே போதும்" என்று இருக்கிறதே, அதை எழுதியவர் ஒருமுறையாவது டார்ச்சைப் பற்றவைத்திருப்பாரா? அசிட்டிலீனில் கார்பன் அணுவும் ஹைட்ரஜன் அணுவும் சரிக்குச் சரி. அந்தச் சேர்க்கையால்தான் அந்தச் சூடும், அந்த இறகும், அதற்குள் அந்தக் கலவையும் கிடைக்கின்றன. சமையல் எரிவாயுவை எரித்து இறகைத் தேடினால் கிடைக்காது.

மறுபடி 1992க்கு வருகிறேன். எஃகில் தோற்ற பிறகு விரிவுரையாளர் வேறு வழியில் போனார். ஹிரோசேயும் கடற்படை ஆய்வகத்தாரும் பயன்படுத்தியவற்றில், கடும் சூட்டிலும் உருகாத மாலிப்டினம் என்ற உலோகமும் ஒன்று. மாலிப்டினத்தை எங்கே வாங்குவது? உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஏதோ வெற்றிட உலையிலிருந்து கழற்றிய இரண்டு திருகுகளைக் கண்டுபிடித்தார். சுண்டுவிரல் தடிமன், ஈயத்தைப் போல் கனம். என் மைத்துனன் ஒரு செம்புக் கட்டையில் துளையிட்டு மரை போட்டு, உள்ளே தண்ணீர் ஓட வழி செய்து கொடுத்தான். திருகை அதில் முடுக்கினால் தலை மட்டும் சுடரில் காயும், உடல் குளிர்ந்திருக்கும். மாலிப்டினமும் கார்பனைக் கொஞ்சம் குடிக்கும், ஆனால் மேலோடு கார்பைடாக இறுகி நின்றுவிடும். அதற்கு மேல் உள்ளே விடாது. வைரத்துக்கு அது நல்ல தரை.

முதல் நாள் தண்ணீரை மோட்டார் வைத்து ஓட்டினோம். நாற்பது நிமிடம் அருமையாகப் போனது. பிறகு கரண்ட் போயிற்று. அந்தக் காலத்தில் கரண்ட் சொல்லிக்கொண்டா போகும்? இருட்டில் டார்ச் மட்டும் எரிகிறது. திருகின் தலை மாதுளம்பூ நிறத்திலிருந்து ஆரஞ்சுக்குப் போய், வெளுத்து, ஓரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்புகிறது. மாலிப்டினம் காற்றுப் பட்டுச் சூடானால் அதன் துரு திடமாக நிற்காது, புகையாகவே பறந்துவிடும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. வால்வை மூடுவதற்குள் திருகின் தலை ஓரத்தில் கரைந்த கற்கண்டு போல் ஆகிவிட்டது.

இரண்டாவது திருகுக்கு மோட்டாரை நம்பவில்லை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய் இழுத்தோம். இறகின் நீளம் கூம்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கூம்பின் முனைக்கும் திருகின் தலைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான். சிலிண்டர் காலியாகக் காலியாக அசிட்டிலீன் அழுத்தம் இறங்கும், இறகு சுருங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசிவால்வை ஒரு மயிரிழை திருப்ப வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டே கால் மணி நேரம் ஒரு நகம் அளவு இறகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரிவுரையாளரிடம் வெப்பநிலை பார்க்கும் கருவி இல்லை. சூட்டை நிறத்தை வைத்து நான்தான் சொன்னேன். மாதுளம்பூவைத் தாண்டவும் கூடாது, அதற்குக் கீழே இறங்கவும் கூடாது.

சுடரை அணைத்து, ஆறவிட்டுப் பார்த்தோம். திருகின் தலை நடுவில் பட்டாணி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். பளபளப்பு என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். உப்புத்தாள் மாதிரி மங்கல். ஆனால் கடிகாரக் கடைக்காரரின் லென்ஸைக் கண்ணில் செருகிப் பார்த்தால், பொடி உப்பைக் கொட்டி ஒட்டியது போல் ஒவ்வொன்றும் முகம் முகமாக, விளிம்பு விளிம்பாக. கண்ணாடிச் சில்லில் இழுத்தேன், கோடு விழுந்தது. கண்ணாடியில் எதை இழுத்தாலும் கோடு விழும் என்றார் விரிவுரையாளர். மைத்துனனின் கார்பைடு டூல் பிட்டில் இழுத்தேன். அதிலும் விழுந்தது. மைத்துனன் பிட்டுக்குக் காசு கேட்டான்.

திருகை விரிவுரையாளர் பெங்களூருக்குத் தெரிந்தவர் மூலம் அனுப்பி இராமன் நிறமாலை எடுக்க வைத்தார். ஒளியைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை வைத்துப் பொருளை அடையாளம் காணும் சோதனை அது. மூன்று வாரம் கழித்து ஒரு தாள் வந்தது. நடுவில் ஊசி போல் ஒரு கோடு, அதன் பக்கத்தில் கையெழுத்தில் 1332 என்று எண். வைரத்துக்கு அது கைரேகை மாதிரி. கரிக்கு வேறு இடத்தில், அகலமாக, சோம்பேறித்தனமாக ஒரு மேடு வரும். அதுவும் எங்கள் தாளில் கொஞ்சம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் பெங்களூரில் வைரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஆராய்ந்தவர். அவர் பெயரில் இருக்கும் சோதனை உக்கடம் பழைய இரும்புக்குச் சான்று கொடுத்தது எனக்கு இன்றும் சிரிப்பை வரவழைக்கும் பெருமை.

எவ்வளவு செலவானது என்று கேட்பீர்கள். என் டைரியில் போட்ட கணக்கைச் சொல்கிறேன். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அசிட்டிலீன் என்றால் மணிக்கு 60 லிட்டர். அதில் ஏறத்தாழ 64 கிராம் கார்பன். அரை சதுர சென்டிமீட்டர் பரப்பில் மணிக்கு 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமன் வளர்ந்தால், வைரத்தின் எடை 9 மில்லிகிராம்கூட வராது. ஏழாயிரம் பங்கு கரியை எரித்தால் ஒரு பங்கு வைரம். காட்டைக் கொளுத்தி ஒரு கத்திரிக்காய் சுட்ட கதை. மற்ற முறைகளோடு ஒப்பிட்டால் சுடர் வேகமானதுதான். சூடேற்றிய கம்பி முறையில் மணிக்கு ஒரு மைக்ரான் வந்தாலே திருப்திப்படுவார்கள். ஆனால் கம்பி முறையில் தட்டு முழுக்க ஒரே சீராக வளரும்; சுடரில் பட்டாணி அளவுதான், அதிலும் நடுவில் ஒரு தரம், ஓரத்தில் ஒரு தரம். தொழிற்சாலைகள் சுடரை விட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போனது இதனால்தான். 2023 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, சென்னை ஐஐடிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியதைத் தங்கள் கட்டுரை இதோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. அந்தப் பணம் ஆய்வகத்தில் வைரக்கல் வளர்க்கும் ஆராய்ச்சிக்கு. வெல்டிங் டார்ச்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அப்படியானால் எஃகில் வைரம் நிற்கவே நிற்காதா? நிற்க வைத்திருக்கிறார்கள், ஆனால் நேராக அல்ல. நடுவில் ஒரு மெத்தை போட வேண்டும். குரோமியம் நைட்ரைடு, டங்ஸ்டன், மாலிப்டினம், சிலிக்கன் என்று பலவற்றை எஃகின் மேல் முதலில் படியவைத்து, அல்லது மேற்பரப்பில் போரானை ஏற்றி, கரி உள்ளே போகாமல் கதவடைத்த பிறகுதான் வைரம். குரோமியம் இருந்தால் மேல்பக்கம் குரோமியம் கார்பைடாகி வைரத்தைப் பிடித்தும் கொள்ளும். அப்போதும் சுருக்கத் தகராறு முழுதாகத் தீராது, குறையும். டங்ஸ்டன் கார்பைடு கருவிகளில் வைரம் பூசி விற்கிறார்கள், உண்மை. அங்கேயும், பிணைப்புக்காகச் சேர்த்த கோபால்ட்டை மேற்பரப்பிலிருந்து அமிலத்தில் அரித்து எடுத்துவிட்டுத்தான் பூசுகிறார்கள். கோபால்ட் இரும்புக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதே குணம்.

கடையில் வாங்கும் டைமண்ட் அரத்தில் எஃகின் மேல் வைரம் இருக்கிறதே என்று பேரன் மடக்கினான். நல்ல கேள்வி. அது விளைந்ததல்ல, ஒட்டியது. எங்கேயோ செய்த வைரப்பொடியை நிக்கல் முலாம் பூசி எஃகோடு பிடித்து வைத்திருக்கிறார்கள். முலாம் தொட்டியில் சூடு அதிகம் இல்லை, ஆகவே இரும்பு குடிப்பதும் இல்லை. கிரானைட் அறுக்கும் வட்டத்தில் பொடியை உலோகத்தூளோடு சேர்த்துச் சுட்டுப் பற்களாக வைத்திருக்கிறார்கள். பிறகு, "வைரப் பூச்சு" என்று சொல்லிக் கறுப்பாக விற்கும் கத்தியும் பிளேடும் உண்டு. அது பெரும்பாலும் வைரத்தை ஒத்த கார்பன் படலம். குறைந்த சூட்டில் படியும், வழுவழுப்பாக இருக்கும், எஃகின் பதம் கெடாது. நல்ல பொருள்தான், அதைக் குறை சொல்லவில்லை. வைரம் என்று சொல்லி வைர விலை கேட்டால் மட்டும் வாங்குகிறவர் முகத்தைச் சுளிக்கலாம்.

கடைசியாக, கோபம் இன்னும் தணியாத விஷயம். ஆபத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இந்த வேலையில் நாசில் முனை சூடான தட்டுக்கு மிக அருகில் மணிக்கணக்காக நிற்கிறது. நாசில் காய்ந்தால் "படக்" என்று சுடர் உள்ளே இழுக்கும். அது குழாய் வழியாகப் பின்னோக்கி ஓடினால் சிலிண்டர் வரை போகும். அதைத் தடுக்கும் வால்வு இரண்டு பக்கமும் இல்லாமல் யாரும் பற்றவைக்கக் கூடாது. அசிட்டிலீன் சிலிண்டருக்குள் வெறும் வாயு இல்லை. நுண்துளைப் பொருளில் ஊறிய அசிட்டோனில் வாயு கரைந்திருக்கிறது. ஆகவே அதைப் படுக்கவைக்கக் கூடாது, படுக்கவைத்துக் கொண்டுவந்தால் நிமிர்த்தி வைத்து நேரம் விட வேண்டும். அசிட்டிலீன் வரும் வழியில் செம்புக் குழாயை இணைக்கக் கூடாது. வெடிக்கிற சேர்மம் உண்டாகும். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக் கூடாது. இறகு நீண்ட சுடர் கார்பன் மோனாக்சைடு உண்டாக்குகிற சுடர் என்பதால் மூடிய அறையில் கூடவே கூடாது. எங்கள் பட்டறையில் மூன்று பக்கம் சுவரே கிடையாது. பேரன் செய்தது விடுதி அறைக்குள், ஜன்னலை மூடிக்கொண்டு. காற்று வீசிச் சுடர் ஆடக் கூடாதாம்.

ஆகையால் அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இரண்டு திருத்தம் போடுங்கள். "எஃகின் மேல்" என்பதை "மாலிப்டினம் போன்றவற்றின் மேல்" என்று மாற்ற வேண்டும். சமையல் எரிவாயு என்ற வரியை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பொடி எழுத்தில் கடைசிப் பக்கத்தில் போட்டால் எந்தப் பையனும் படிக்கமாட்டான்.

விரிவுரையாளர் பின்னால் வெளிநாடு போய்விட்டார். போகும்போது திருகை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாம்பல் வட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது. முப்பது வருடத்தில் ஒரு பொடிகூட உதிரவில்லை. தையல் மெஷினின் இழுப்பறையில் பாபினோடு கிடக்கிறது. என் மனைவி எப்போதாவது ஊசி முனையை அதில் தீட்டிக்கொள்கிறாள். படம் எடுக்க வேண்டுமானால் தங்கள் நிருபரை அனுப்புங்கள், லென்ஸும் தருகிறேன். டார்ச்சைப் பற்றவைத்துக் காட்டச் சொன்னால் மட்டும் மாட்டேன். வருகிறவர் வழியில் ஒரு நல்ல அரிவாள்மணையும் வாங்கி வந்தால் வீட்டில் காப்பி கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டிங் பயிற்றுநர் ஒருவர்,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

(பேரன் கல்லூரியில் கேலி செய்வார்கள் என்பதால் பெயரை வெளியிட வேண்டாம்.)